பழைய எஸ்டீமில் கை வைத்த பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாளையங்கோட்டையில் வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் 1997 மாடல் மாருதி எஸ்டீம் கார் ஒன்றைப் பதினோரு வருடமாகப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். 1.3 லிட்டர் கார்புரேட்டர் என்ஜின், 65 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குக் கீழே. ராலிகளிலும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் இந்த வண்டி பல வருடம் ஓடியதற்கு அந்தக் குறைந்த எடை பெரிய காரணம். நம் பக்கத்தில் குறைந்த செலவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே உருவாக்க ஆசைப்படுகிறவர்கள் இன்றும் இதையும் பழைய ஜென்னையும்தான் தேடுகிறார்கள்.

வள்ளியூரில் இருந்தும் அம்பாசமுத்திரத்தில் இருந்தும் கோளாறோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எதைக் கழற்றினீர்கள்? சைலன்சர் மாற்றிய மறுநாள் வண்டி சூடானால் சைலன்சர் வேலை நடந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்பேனர் போன இடத்தில் ஒரு வயர் நசுங்கியிருக்கும், ஒரு ஹோஸ் இடம் மாறியிருக்கும். அதனால் ஒரு மாற்றம் செய்தால் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். நாலு மாற்றத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்தால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க நாலு ஞாயிறு போய்விடும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், ஜாக்கியோடு இரண்டு ஸ்டாண்டு, டார்ச், தீயணைப்பு சிலிண்டர். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

சூடு ஏறுகிறது

முதலில் எப்போது ஏறுகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

*நிற்கும்போது மட்டும் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது*

இது பேன் விவகாரம். வண்டியை நிறுத்தி வைத்து ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும்போது பேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், பிறகு ரிலே. அதன்பின் தெர்மோ ஸ்விட்ச்சின் (சூடு ஏறியதும் பேனை ஓடவைப்பது) கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, கனெக்டரின் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். பேன் சுற்றினால் ஸ்விட்ச் போய்விட்டது. வாங்கி மாட்டினால் முடிந்தது. சுற்றவில்லை என்றால் பேட்டரியில் இருந்து பேனுக்கு நேராக வயர் கொடுங்கள். அப்படியும் அசையாவிட்டால் மோட்டார் போயிருக்கிறது. நேராகக் கொடுத்தால் சுற்றுகிறது, வண்டி வயரிங்கில் சுற்றவில்லை என்றால் வயரிலோ எர்த்திலோ பழுது.

சுற்றுகிறது, ஆனாலும் சூடு ஏறுகிறது என்றால் எந்தப் பக்கம் காற்று போகிறது என்று பாருங்கள். புதிதாக ரிலே போட்டு வயரிங் செய்த வண்டிகளில் இதை மூன்று முறை கண்டிருக்கிறேன். பேனின் இரண்டு வயரும் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் அதேதான், கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு நோட்டுத் தாளைக் கொண்டுபோங்கள். தாள் ரேடியேட்டரில் அப்பிக்கொள்ள வேண்டும். முன்னால் பறந்து வந்தால் வயரை மாற்றிப் போடுங்கள். வள்ளியூர் நண்பர் ஒருவர் இரண்டு மாதமாகத் தெர்மோஸ்டாட் (சூடு ஏறிய பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப் என்று மாற்றிக்கொண்டே இருந்தார். தாள் பறந்து அவர் சட்டையில் ஒட்டியதும், "அண்ணே, இதுக்கா இம்புட்டுச் செலவழிச்சேன்?" என்று பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

*நாலு வழிச் சாலையில் ஓடும்போதும் ஏறுகிறது*

என்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பாருங்கள். சூட்டில் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புது மூடி போடுங்கள். இதில் ஆகும் செலவிலேயே இதுதான் குறைவு, பலர் கடைசியில் பார்ப்பதும் இதைத்தான்.

அடுத்து, கிரில்லுக்கு முன்னால் நீங்கள் மாட்டியது என்ன? இரண்டு பெரிய ஃபாக் லேம்ப்பும் நடுவில் ஒரு பெரிய ஹாரனும் வைத்தால் காற்று எங்கே போகும்? கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பிறகு ரேடியேட்டர். ஓட்டிச் சூடாக்கிய என்ஜினை அணைத்து, பேன் தானாகச் சுற்றாதபடி கனெக்டரைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் உள்ளங்கையை மேலிருந்து கீழாகக் கொண்டுபோங்கள். நடுவில் ஓர் இடம் மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளைத் திறந்தால் உள்ளே உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆற்றுத் தண்ணீர் தேவலை என்று தாமிரபரணித் தண்ணீரை ஊற்றுகிறவர்களும் உண்டு. அதையும் ஊற்றாதீர்கள். கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் ஊரில் பழைய பழக்கம். என்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோல் குடிக்கும், ஆயில் கெடும். சந்தேகம் இருந்தால் அடுப்பில் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள். கொதிப்பதற்கு முன்பே திறந்துகொண்டால் நல்லது, மூடியே கிடந்தால் மாற்றுங்கள்.

*எப்போது மெக்கானிக்?* ஆயில் மூடியின் அடியில் மோர் திரண்டதுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தாலோ, ரேடியேட்டர் வாயில் தொடர்ந்து குமிழி வந்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் போனாலோ ஹெட் கேஸ்கட் (என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் மட்டம் பார்க்க வேண்டும்; வேப்பமரத்தடியில் நடக்காது. கழற்றும்போதே டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள்.

சூடான வண்டியை அணைத்தால் திரும்ப எடுக்கவில்லை

சித்திரை வெயிலில் நாங்குநேரி தாண்டி டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் வண்டி கிளம்பாது. அரைமணி கழித்துத் தானாகவே எடுத்துவிடும். ஹெடர் (என்ஜினில் இருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுப்பு) மாற்றிப் போட்ட வண்டிகளில் இது அதிகம்.

*செல்ஃப்பே சுற்றவில்லை, 'டக்' என்று மட்டும் கேட்கிறது*

பேட்டரி முனையைத் துடைத்து இறுக்குங்கள், எர்த் பட்டையை (பேட்டரியின் எர்த் முனையை என்ஜினோடு இணைப்பது) பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், புதிய ஹெடர் குழாய் செல்ஃப் மோட்டாருக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று விரல் வைத்து அளந்து பாருங்கள் (ஆறிய பிறகு). ஒரு விரல் இடைவெளிதான் என்றால் செல்ஃப்பை இயக்கும் காந்த ஸ்விட்ச்சான சோலினாய்டு வெந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒரு தகட்டு மறைப்பு வைத்தால் பெரும்பாலும் தீரும்.

*செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை*

ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கறுப்புப் புகையோடு எடுத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்திருக்கிறது: உள்ளே வரும் பெட்ரோலை அளவோடு நிறுத்தும் ஊசி வால்வும் மிதவை மட்டமும் பார்க்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் கண்ணாடி போன்ற பெட்ரோல் ஃபில்டரைப் பாருங்கள். காலியாகவோ நுரையாகவோ இருந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள், எடுத்துவிடும். அது அன்றைக்கு வீடு வந்து சேர மட்டும். நிரந்தரமாகச் சரியாக, பெட்ரோல் ஹோஸ் ஹெடரை ஒட்டிப் போகாமல் தள்ளி வைத்துக் கட்ட வேண்டும்.

ஃபில்டரில் பெட்ரோல் நிறைந்திருக்கிறது, இருந்தும் எடுக்கவில்லை என்றால் மின்பொறி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள இக்னைட்டரோ காயிலோ சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும். ஒரு உதிரிக் காயிலை மாட்டிப் பாருங்கள். அதிலும் தீரவில்லை என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விடலாம். ஆறிய வண்டியைக் கொண்டுபோனால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. சூடாக்கி, எடுக்காத நிலையிலேயே காட்டுங்கள்.

பெட்ரோல் வாசம் வருகிறது

இதில் வரிசை எல்லாம் கிடையாது. என்ஜினை அணையுங்கள், பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள், அதற்குப் பிறகுதான் தேட வேண்டும்.

2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியது. நம் வண்டிகளில் இருக்கும் பழைய ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். வளைத்துப் பாருங்கள், பல்லி முதுகு மாதிரி கீறல் தெரியும். உள்பக்கம் ஊறி உதிர்ந்து, கறுப்புத் தூளாகக் கார்புரேட்டருக்குப் போய் ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைக்கும். ஒரு வண்டியில் ஊசி வால்வின் நுனியில் கடுகளவு ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்ததை நானே எடுத்தேன். அதனால்தான் அந்தக் கார்புரேட்டர் வழிந்துகொண்டே இருந்தது.

டேங்க்கில் இருந்து கார்புரேட்டர் வரை மொத்த ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்தில், புதுக் கிளாம்ப்போடு மாற்றுங்கள். பைபாஸ் ஓரத்தில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதா ஹோஸ் வேண்டாம். பானட்டுக்குள் வேறு எதை மாற்றுவதாக இருந்தாலும் இந்த வேலை முதலில். டேங்க்கே ஓட்டை என்றால் தொடாதீர்கள். பெட்ரோல் டேங்க்கை வீட்டில் வெல்டிங் செய்வது உயிரைப் பணயம் வைப்பது.

ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் போகிறது

ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டிய பிறகு வரும் புகார் இது.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம், கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம்.

வெள்ளை என்றால் பெட்டியைக் கழற்றியபோது அதில் செருகியிருந்த சின்ன வேக்குவம் ஹோஸ்களை என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். திறந்து கிடந்தால் அதன் வழியே காற்று இழுக்கும். என்ஜினை ஐடிலிங்கில் விட்டு ஒவ்வொரு ஹோஸையும் பிளையரால் மெல்ல நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடிலிங் சீராகிறதோ அதில்தான் கோளாறு. ஹோஸ் எல்லாம் சரி என்றால் கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கட். அதுவும் சரி என்றால் ஆக்சிலேட்டர் பம்ப்: ஃபில்டரைக் கழற்றி, என்ஜின் அணைந்திருக்கும்போது கையால் திராட்டிலை இழுத்தால் உள்ளே பெட்ரோல் ஊசிபோல் பீச்ச வேண்டும். சொட்டினால் டயாஃப்ரம் போய்விட்டது.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: கார்புரேட்டர் எஸ்டீமுக்குக் கூம்பு ஃபில்டர் வேண்டாம். அது பானட்டுக்குள் கொதிக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. கம்பெனிப் பெட்டி வெளிக்காற்றை இழுக்கிறது. நான் மாட்டி, ஒரு கோடை முழுக்க ஓட்டி, கழற்றிவிட்டேன். பழைய பெட்டியில் புது ஃபில்டர் போட்டதும் வண்டி தெம்பாக ஓடியது.

*எப்போது மெக்கானிக்?* ஜெட் அளவு மாற்ற வேண்டிய கட்டம் வந்துவிட்டால். கார்புரேட்டரைக் காதால் ட்யூன் செய்யத் தெரிந்த மூத்த கைகள் திருநெல்வேலியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பேட்டையில் எனக்கு வேலை கற்றுத்தந்த அண்ணாச்சி ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிவிட்டு, "பேசாம இரு தம்பி, அது சொல்லும்" என்பார். அப்படிப்பட்டவரிடம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

லைட் மங்கல், காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது

மல்டிமீட்டரை எடுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.8-ல் இருந்து 14.4 வரை.

ஓடும்போது 13-க்குக் கீழே என்றால் பெல்ட் தொய்வு, பிறகு ஆல்டர்னேட்டர். 15-ஐத் தொட்டால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும், உடனே பாருங்கள்.

சார்ஜ் சரியாக இருக்கிறது, ஆனாலும் காலையில் இறங்கிக் கிடக்கிறது என்றால் ராத்திரியில் ஏதோ குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து பேட்டரி முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் இணையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பாதகமில்லை. அதற்கு மேல் என்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது விழுகிறதோ அந்த வழியில் தேடுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பி செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். பெரும்பாலும் அகப்படுவது பாட்டுப் பெட்டிக்குப் போட்ட ஆம்ப்ளிஃபையர்தான்.

ஹெட்லைட் மங்கல் என்று 100 வாட் பல்பு போடுகிறவர்களுக்கு: இரண்டு 100 வாட் பல்பு என்றால் 16 ஆம்பியருக்கு மேல். முப்பது வயதை நெருங்கும் வண்டியின் ஸ்விட்ச் வழியே அது போனால் ஸ்விட்ச் உருகும். 60/55-க்கு மேற்பட்ட பல்பு சட்டப்படியும் ஆகாது. பல்பைக் கழற்றாமல் அதன் பின்முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8, பல்பில் 11.5 என்று காட்டினால் மிச்சம் வழியிலேயே கரைகிறது. பேட்டரியில் இருந்து நேராக ஃபியூஸும் ரிலேவும் போட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் கொடுங்கள். அதே 60/55 பல்பு பளிச்சென்று எரியும். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியா? அப்படியானால் எல்லாவற்றுக்கும் முன்னால் எர்த் முனைகளையும் கனெக்டர்களையும் திறந்து பாருங்கள். பச்சைப் பூ பூத்திருக்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு: பேட்டரி எர்த் முனையில் மீட்டரின் ஒரு காலையும் என்ஜின் உடம்பில் இன்னொரு காலையும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டை கெட்டுவிட்டது. உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தால் சில வாரம். புதிது போட்டால் பல வருடம்.

80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது

அலாய் வீல் மாற்றிய பிறகா? முதலில் பேலன்ஸிங். அதிலும் நிற்கவில்லை என்றால் வீலின் நடு ஓட்டை வண்டியின் ஹப்பைவிடப் பெரிதா என்று பாருங்கள். பெரிதாக இருந்தால் வீல் மையத்தில் உட்காராது. இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழைய எஸ்டீம், ஜென் வீல்களின் போல்ட் வட்டம் (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 114.3 மில்லிமீட்டர். ஸ்விஃப்ட் வீல் 100. ஓட்டையை அகட்டிப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து வந்துவிடுங்கள்.

*திரும்பும்போது டயர் உரசுகிறது* என்றால் அளவு தப்பு. 175/70 ஆர்13 டயரின் விட்டம் 575 மில்லிமீட்டர். 185/60 ஆர்14 போட்டால் 578, கணக்கு ஒத்துப்போகும். 195/55 ஆர்15 என்றால் 595. உரசவும் செய்யும், ஸ்பீடாமீட்டரும் குறைத்துக் காட்டும்.

பள்ளத்தில் 'தட் தட்' சத்தம்

ஸ்டெபிலைசர் புஷ், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மேல் மவுன்ட், இந்த வரிசையில் பாருங்கள். ஆனால் வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங் வெட்டியிருந்தால் அதற்கு முன் ஒரு சோதனை: ஸ்டாண்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் அது தன் தாங்குதட்டில் இறுக்கமாக உட்காரவில்லை. ஒரு பெரிய பள்ளத்தில் இடம் பெயர்ந்தால் வண்டி கைக்கு நிற்காது. வெட்டிய ஸ்பிரிங்கோடு ஓட்டவே ஓட்டாதீர்கள். கம்பெனி உயரத்துக்குத் திரும்புங்கள், அல்லது அந்த ஸ்ட்ரட்டுக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் வாங்குங்கள். ஸ்பிரிங்கை வீட்டில் மாற்றுவது ஆபத்து. அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் கையை எடுத்துவிடும்; அதற்கு உரிய கருவி உள்ள பட்டறையில் கொடுங்கள்.

சைலன்சர் சத்தம் அதிகம்

ஜாயின்ட் கேஸ்கட், ரப்பர் தொங்கல், பிறகு குழாய் விரிசல். இவையெல்லாம் சரியாக இருந்தும் சத்தம் என்றால் அது மாட்டிய சைலன்சரின் இயல்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 15 வருடம் கடந்த நம் வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆய்வுக்கு நிற்க வேண்டும். என்ஜின் மாற்றமோ நிற மாற்றமோ யோசித்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

பிரேக் பெடல் சரியில்லை

*மெத்தென்று இருக்கிறது, இரண்டு முறை மிதித்தால் மேலே வருகிறது:* பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட் அல்லது குழாயில் காற்று. டிரம்மை முதலில் பாருங்கள், பிறகு காற்றை எடுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் என் மகள் உள்ளே உட்காருவாள். நான் சக்கரத்துக்குப் பின்னால் இருந்து "மிதி" என்றால் மிதித்து, "பிடிச்சேன்" என்று அவள் சொன்ன பிறகுதான் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறப்பேன். மூடிவிட்டு "விடு" என்பேன். இந்த மூன்று சொல் மாறிவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவைக் காலியாக விடாதீர்கள். புதிதாகத் திறந்த பிரேக் ஆயில்தான், டாட் 3 அல்லது டாட் 4.

*கல்லுபோல் இருக்கிறது:* பூஸ்டருக்கு (மிதிக்கும் விசையைக் கூட்டித் தருவது) போகும் வேக்குவம் ஹோஸ். ஃபில்டர், கார்புரேட்டர் வேலை பார்த்தபோது கழன்றிருக்கும்.

*மலை இறக்கத்தில் மட்டும் போய்விடுகிறது:* தென்மலையில் இருந்து ஆரியங்காவு வழியாக வந்து புளியரை எஸ் வளைவுகளில் இறங்கும்போது பெடல் தரைக்குப் போனால், பழைய ஆயில் தண்ணீர் இழுத்து வைத்திருக்கிறது, சூட்டில் கொதிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் இது வராது. இறக்கத்தில் இரண்டாம் கியரில் வாருங்கள்.

*காலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் மெதுவாகக் கீழே போகிறது:* நாலு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர். ஈரமோ மாஸ்டர் சிலிண்டரோ, எதுவாக இருந்தாலும் வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவரால் முடியாது என்றால் வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.